‘ஓரிரு இடங்களில் மழை’ன்னா அதுல எங்க ஊரு உண்டா இல்லையா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை பக்கத்துல ஒரு கிராமத்துல இருக்கேன். ரெண்டரை ஏக்கரா மானாவாரி நிலம், அதுல நிலக்கடலை போடுவோம், மாசி பங்குனியில புளியமரம் குத்தகைக்கு எடுத்து உலுக்கி ஓடு உடைச்சு காய வெச்சு வியாபாரிக்கு போடுவோம். உங்க பேப்பர் பல வருஷமா எங்க வீட்டுக்கு வருது, எங்க வீட்டுக்காரர் அரசியல் பக்கத்த எடுத்துக்குவார், நான் மொதல்ல பாக்கறது அந்த சின்ன வானிலை கட்டம் தான், ஏன்னா அன்னைக்கு களத்துல புளிய பரப்பலாமா வேணாமான்னு அதுல தான் எனக்கு முடிவு. அதப்பத்தி தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போயிடும், முழுசா படிக்கணும்னு கேட்டுக்கறேன்.

ஒரு வருஷம் பங்குனில ஒரு நாள். பேப்பர்ல “ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்”னு இருந்துச்சு. தெனமும் பாக்கற வரி தான். ஓரிரு இடம்னா எங்கயோ ஒன்னு ரெண்டு ஊரு, மிதமான மழைன்னா தூறல விட கொஞ்சம் கூட, அப்படித்தான் நான் இத்தன வருஷமா அர்த்தம் பண்ணிட்டு இருந்தேன். 11 மூட்டை வர்ற மாதிரி ஓடு உடைச்ச புளிய களத்துல பரப்பிட்டு நாங்க ரெண்டு பேரும் மரம் உலுக்க போயிட்டோம். நாலு மணிக்கு முன்னாடியே மேக்கால இருட்டிட்டு வந்துச்சு, ஓடியாறதுக்குள்ள காத்து, அப்புறம் ஆலங்கட்டியோட மழை, ஒரு முக்கால் மணி நேரம் தான் பெஞ்சுச்சு, அதுக்கப்புறம் வெயிலே அடிச்சுச்சு. ஆனா களம் குளமாகி கெடந்துச்சு. நனைஞ்ச புளி என்ன ஆகும்னு எங்க பக்கத்து ஆளுங்களுக்கு தெரியும், எத்தன தடவ காய வெச்சாலும் கருத்து போயிடும், பூசணம் புடிக்கும், வியாபாரி கையில எடுத்து பாத்துட்டு பாதி வெலைக்கும் கீழ கேட்டார். கெழக்கால 3 கி.மீ. தள்ளி இருக்கற எங்க நாத்தனார் ஊர்ல அன்னைக்கு ஒரு சொட்டு இல்ல, அவங்க புளி நல்லா காஞ்சு மூட்டை புடிச்சாச்சு.

அன்னைக்கு ராத்திரி நான் வானிலை சொல்றவங்கள திட்டிட்டு தான் படுத்தேன். ஒரு மாசம் கழிச்சு எங்க அண்ணன் பொண்ணு லீவுக்கு வந்துச்சு, அது வேளாண் காலேஜ்ல படிக்குது. நான் பொலம்பினத கேட்டுட்டு “அத்தை, மிதமான மழைன்னா எவ்ளோன்னு நெனச்சீங்க”ன்னு கேட்டுச்சு. அன்னைக்கு அது சொன்னதுக்கப்புறம் தான் பேப்பர்ல வந்தது தப்பே இல்ல, அந்த வார்த்தைங்களுக்கு என்ன அளவுன்னு எனக்கு யாரும் சொன்னதில்லன்னு புரிஞ்சுச்சு. எனக்கு மட்டும் இல்ல, எங்க தெருவுல கேட்டு பாத்தேன், வாத்தியார் வீடு உட்பட ஒருத்தருக்கும் தெரியல.

வானிலை ஆய்வு மையம் இந்த வார்த்தைங்கள வாய்க்கு வந்தபடி போடறதில்லையாம், ஒவ்வொன்னுக்கும் கணக்கு இருக்கு. ஒரு நாள்ல 2.5 மி.மீ.ல இருந்து 15.5 மி.மீ. வரைக்கும் பெஞ்சா லேசான மழை. 15.6ல இருந்து 64.4 மி.மீ. வரைக்கும் மிதமான மழை. அதுக்கு மேல 115.5 வரைக்கும் கனமழை, 204.4 வரைக்கும் மிக கனமழை, அதையும் தாண்டினா அதி கனமழை. இதுல நான் அசந்து போனது அந்த மிதமான மழைல தான். 64 மி.மீ.னா ஆறு செ.மீ.க்கு மேல. ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. பெஞ்சா 1 லிட்டர் தண்ணி, அப்ப ஒரு ஏக்கராவுக்கு 1 மி.மீ.னாலே 4,000 லிட்டருக்கு மேல வருது, 60 மி.மீ.னா கிட்டத்தட்ட ரெண்டரை லட்சம் லிட்டர். அது பூராவும் “மிதமான” மழைல தான் அடங்குது! அதுவும் இந்த அளவு 24 மணி நேரத்துக்கான அளவு. ஐப்பசில நாள் பூரா நசநசன்னு பெஞ்சு 40 மி.மீ. சேந்தாலும் மிதமான மழை தான், பங்குனில அதே 40 மி.மீ. முக்கா மணி நேரத்துல கொட்டினாலும் பேரு மிதமான மழை தான், ஆனா களத்துல இருக்கற புளிக்கும் பூ விட்டு பிஞ்சு புடிச்சு நிக்கற மாமரத்துக்கும் ரெண்டும் ஒன்னா? இத வெளக்கி சொல்லாம அந்த ஒத்த வார்த்தைய மட்டும் போட்டா எங்கள மாதிரி ஆளுங்க எப்படி புரிஞ்சுக்கறது.

அடுத்தது இந்த ஓரிரு இடங்கள். ஒரு பகுதில இருக்கற மழைமானி எல்லாத்துலயும் நாலுல ஒரு பங்கு வரைக்கும் மழை பதிவாச்சுன்னா அது “ஓரிரு இடங்களில்”. கால்வாசில இருந்து பாதி வரைக்கும்னா “ஒரு சில இடங்களில்”. பாதிக்கு மேல முக்கால்வாசி வரைக்கும் “அநேக இடங்களில்”. அதுக்கும் மேல போனா “பெரும்பாலான இடங்களில்”. அப்ப ஓரிரு இடம்னா நான் நெனச்ச மாதிரி ஒன்னு ரெண்டு ஊரு இல்லீங்க, நூத்துல இருவத்தஞ்சு வரைக்கும் போகலாம். நாலு ஊர்ல ஒரு ஊரு அது எங்க ஊராவும் இருக்கலாம்னு அன்னைக்கு எனக்கு தெரிஞ்சிருந்தா 11 மூட்டை புளிய தெறந்து போட்டுட்டு போயிருப்பேனா? நாலுல ஒரு பங்குன்னா துணி காய போடறவங்களுக்கு பெரிய விஷயம் இல்ல, நனைஞ்சா மறுபடி காயும். கல்யாணத்துக்கு பந்தல் போடறவங்க யோசிப்பாங்க. புளி போட்டவ கண்டிப்பா தார்ப்பாய எடுத்து பக்கத்துல வெச்சிருப்பா, ஒரு ஆள வீட்டுல நிறுத்திட்டு போயிருப்பா. மழை வரும் வராதுங்கறத விட வந்தா எனக்கு எவ்ளோ போகும்ங்கறத வெச்சு நான் முடிவு பண்ணிக்குவேன், அதுக்கு அந்த அளவு எனக்கு தெரியணும்.

இங்க ஒன்னு சொல்லணும், நம்ம ஆளுங்க டீக்கடைல ஒக்காந்து “வானிலைக்காரன் மழைன்னா அன்னைக்கு வெயில் அடிக்கும்”னு பேசறது வழக்கமா போச்சு. சென்னை வானிலை மையத்துல இருந்த ரமணன் சார் டிவில வந்து நின்னப்பவும் பேசுனாங்க, லீவு விடுவாங்களான்னு புள்ளைங்க அவரு மொகத்தயே பாத்துட்டு இருக்கும், 2016ல அவர் ரிட்டயர் ஆனதுக்கு அப்புறமும் அந்த பேச்சு நிக்கல. நானும் பேசினவ தான். ஆனா கோடை இடி மழை எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சுகிட்டதுக்கு அப்புறம் என்னால அப்படி பேச முடியல.

பங்குனி சித்திரைல எங்க பக்கம் காலைல வானம் சுத்தமா இருக்கும். ஒடம்பு மட்டும் பிசுபிசுன்னு வேர்த்து காயாம இருக்கும், அதாவது கடல் பக்கத்துல இருந்து வந்த ஈரம் காத்துல நெறைய இருக்குன்னு அர்த்தம். பத்து பதினோரு மணிக்கு தரை நல்லா சூடாகி அதுக்கு மேல இருக்கற காத்து லேசாகி மேல கெளம்பும், மேல போக போக ஆறும், ஒரு ஒயரத்துக்கு போனதும் அதுல இருக்கற ஈரம் துளித்துளியா மாறும், அது தான் அந்த சின்ன சின்ன பஞ்சு மேகம், ஸ்கூல் புஸ்தகத்துல திரள் மேகம்னு போட்டிருக்கும். அடி தட்டையா ஒரே மட்டத்துல வெட்டி வெச்ச மாதிரி இருக்கும் பாத்திருப்பீங்க, அந்த மட்டத்துல தான் ஈரம் துளியா மாறுது. இந்த துளி ரொம்ப சின்னது, ஒரு மழைத்துளி ஆகணும்னா இந்த மாதிரி சுமாரா பத்து லட்சம் துளி சேரணுமாம். அதனால தான் வானம் பூரா மேகம் இருந்தும் ஒரு சொட்டு விழாம போற நாள் இருக்கு.

எங்க மாமியார் படிக்காதவங்க, ஆனா மதியம் களத்துல நின்னு இந்த மேகத்த பாத்தே சொல்வாங்க. மேகம் அகலமா படர்ந்து கலைஞ்சுட்டே இருந்தா “இது சும்மா நெழல் குடுக்கற மேகம்”பாங்க. அகலத்த விட ஒயரம் ஜாஸ்தி ஆகிட்டே போயி தலை காலிபிளவர் மாதிரி கெட்டியா ஓரம் பளிச்சுனு தெரிஞ்சா “இது ஏறுது, மூடு”ம்பாங்க. அண்ணன் பொண்ணு படிச்சதும் அதே தான், கெட்டியா தெரியறது தண்ணித்துளி, இன்னும் மேல வேகமா ஏறிட்டு இருக்குன்னு அர்த்தம். அப்புறம் அந்த தலை மங்கி நார் நாரா பிரிஞ்சு கொல்லம்பட்டறைல இருக்கற பட்டறைக்கல்லு மாதிரி ஒரு பக்கமா நீண்டுச்சுன்னா மேல ஐஸ் ஆயிடுச்சு, அதுக்கு கீழ எங்கயோ மழை ஆரம்பிச்சாச்சு. அந்த தலை 12, 15 கி.மீ. ஒயரத்துக்கு போகும். கீழ நமக்கு 38 டிகிரி வேகற அதே நேரத்துல 5 கி.மீ.க்கு மேல உறையற குளிரு, அங்க ஐஸ் துண்டு மேல ஏற ஏற தண்ணித்துளி அதுமேல ஒட்டி ஒட்டி உறைஞ்சு பெருசாகி காத்தால தாங்க முடியாதப்ப விழறது தான் ஆலங்கட்டி, சித்திரைல ஆலங்கட்டி எப்படி வருதுன்னு சின்ன வயசுல இருந்து எனக்கு இருந்த சந்தேகம் அன்னைக்கு தான் தீந்துச்சு.

மழைக்கு முன்னாடி திடீர்னு ஜில்லுனு ஒரு காத்து மண்ண வாரி தூத்திட்டு வரும் இல்லீங்களா, அது எங்கயோ பெஞ்ச மழையோட குளிர்ந்த காத்து கீழ விழுந்து நாலா பக்கமும் ஓடியாறது. அது வந்தா பத்து பதினஞ்சு நிமிஷத்துல மழையும் வரலாம், வெறும் காத்தோட போனாலும் போகலாம், ஆனா அது வந்ததுக்கு அப்புறம் தார்ப்பாய் தேட நேரம் இல்ல. அந்த காத்து ஓடற வழில சூடான காத்த நெம்பி மேல தூக்கி விட்டு புதுசா இன்னொரு மேகத்தயும் கெளப்பி விடும், அதனால தான் மேக்கால பெஞ்சு முடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு வேற எடத்துல கொட்டுது.

இந்த மாதிரி ஒரு மேகம் அஞ்சு பத்து கி.மீ. அகலம் தான், அதோட ஆயுசு முக்கா மணி, ஒரு மணி நேரம். பேப்பர் அச்சாகற ராத்திரில அந்த மேகம் பொறக்கவே இல்ல. உலைல தண்ணி கொதிக்க போகுதுன்னு சொல்லலாம், மொத குமிழி எந்த எடத்துல வரும்னு யாரால சொல்ல முடியும்? அத தான் அவங்க “ஓரிரு இடங்களில்”னு சொல்றாங்க, தெரியாம மழுப்பல, இவ்ளோ தான் முன்னாடி சொல்ல முடியும்ங்கறத நேர்மையா சொல்றாங்க. அது தெரியாம நான் திட்டுனது எனக்கே மனசுக்கு கஷ்டமா இருக்கு.

அப்ப இன்னும் கிட்ட வந்ததும் யாரு சொல்றதுன்னா அதுக்கு அடுத்த 3 மணி நேர அறிவிப்புன்னு ஒன்னு இருக்கு, ரேடார் பாத்து மாவட்ட வாரியா போடறாங்க. இதுலயும் எங்க பக்கத்துக்கு ஒரு கொற இருக்கு. சென்னைலயும் காரைக்கால்லயும் ரேடார் இருக்கு, சென்னை எங்களுக்கு 200 கி.மீ. அளவு தூரம். ரேடார் அலை நேரா போகுது, பூமி வளைஞ்சு கீழ போயிடுது, அதனால எங்க ஊரு மேல வர்றப்ப அது தரையில இருந்து 4 கி.மீ. அளவு ஒயரத்துல தான் பாக்குது, மேகத்தோட இடுப்புக்கு மேல தான் தெரியும், காலு தெரியாது. உள் மாவட்டத்துக்கும் பக்கத்துலயே ரேடார் வேணும்னு நாங்க கேக்கறதுக்கு இது தான் காரணம், இத பத்தியும் நீங்க எழுதணும்.

பழமொழி பத்தியும் சொல்றேன், ஏன்னா எங்க ஊர்ல இன்னமும் பாதி பேரு பழமொழிய தான் நம்பறாங்க, அத கேலி பண்ணவும் கூடாது, அப்படியே நம்பவும் கூடாது. “அகல் வட்டம் பகல் மழை”ன்னு எங்க மாமியார் சொல்வாங்க, நிலாவ சுத்தி பெரிய வட்டம் போட்டா மழை கிட்ட இருக்குன்னு. அந்த பெரிய வட்டம் ரொம்ப ஒயரத்துல இருக்கற மெல்லிசான ஐஸ் மேகத்தால வர்றது, எப்ப பாத்தாலும் ஒரே அளவு தான் இருக்கும், கைய நல்லா நீட்டி நிலா மேல கட்டவெரல வெச்சு ஒரு சாண் விரிச்சீங்கன்னா சுண்டு வெரல் கிட்ட வட்டம் இருக்கும். நிலாவ ஒட்டி கலர் கலரா சின்னதா தெரியறது வேற, அது தண்ணித்துளி மேகத்தால வர்றது. கடல்ல காத்தழுத்த தாழ்வு உருவாகி வர்றப்ப அதுக்கு முன்னாடி இந்த ஒயரமான ஐஸ் மேகம் தான் விரிஞ்சுட்டு வரும், அதனால ஐப்பசி கார்த்திகைல அகல் வட்டம் தெரிஞ்சா பேப்பர்ல வானிலைய கவனமா பாக்கறது நல்லது. ஆனா பங்குனி புளிக்கு இந்த வட்டம் ஒதவாது, அந்த மழை அன்னைக்கு மதியம் பொறந்து அன்னைக்கு சாயங்காலம் சாகற மழை. எத எந்த மாசத்துல பாக்கணும்னு எங்க மாமியாருக்கு தெரிஞ்சிருந்துச்சு, எங்க தலைமுறைக்கு பழமொழி மட்டும் வந்துச்சு, அந்த வெவரம் வரல.

“கார்த்திகைக்கு மேல மழையும் இல்ல, கர்ணனுக்கு மேல கொடையும் இல்ல”ன்னு இன்னொன்னு. 2023 டிசம்பர் 17, மார்கழி மொத தேதி, அன்னைக்கு தான் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்துல மழை கொட்டுச்சு, மறுநாள் காலை 8.30 மணி வரைக்கும் 24 மணி நேரத்துல 95 செ.மீ. அதே நாள் திருச்செந்தூர்ல 69 செ.மீ. பொதுவா கார்த்திகையோட மழை கொறையறது உண்மை தான், அது பல வருஷ அனுபவம், ஆனா அத வெச்சு மார்கழில ஒரு நாள கணிக்க முடியாது. 2023ல வடகிழக்கு பருவமழை தமிழ்நாடு மொத்தத்துக்கும் இயல்ப ஒட்டி தான் இருந்துச்சு, அந்த மொத்த கணக்க பாத்தா தாமிரபரணி கரைல இருந்தவங்க பட்டது ஒன்னும் தெரியாது.

எங்க கதைக்கு வர்றேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரைய கடந்துச்சு. புயல் கரைய கடந்துடுச்சுன்னு கேட்டதும் எங்க ஊர்ல எல்லாரும் “அப்பாடா முடிஞ்சுது”ன்னு தான் நெனச்சோம். எங்களுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு இருந்தோம். ஆனா அந்த புயல் கரைக்கு வந்ததும் ஓடிப்போகாம மறுநாளும் அங்கயே மணிக்கணக்கா நின்னுச்சு, அப்புறம் வலுவு கொறஞ்சு மெதுவா எங்க பக்கமா வந்துச்சு. தரைக்கு வந்தா புயலோட காத்து அடங்கும், மழை அடங்கணும்னு இல்ல, அது எவ்ளோ மெதுவா நகருதோ அவ்ளோ மழை ஒரே எடத்துல கொட்டும். டிசம்பர் 1 ராத்திரி எங்களுக்கு ஆரம்பிச்சுது. மறுநாள் காலைல எடுத்த கணக்குல ஊத்தங்கரைல 50 செ.மீ. எங்க மாவட்டத்துல ஒரு வருஷம் பூரா பெய்யறதுல பாதிக்கு மேல ஒரே நாள்ல! ஒரு ஏக்கராவுக்கு 20 லட்சம் லிட்டர், 10,000 லிட்டர் டேங்கர் லாரி 200 கொண்டாந்து ஒரே ஏக்கரால கவுத்த மாதிரி. ஊத்தங்கரை டவுன்ல நிறுத்தி வெச்சிருந்த வண்டிங்க வேனுங்க தண்ணில அடிச்சுட்டு போன வீடியோவ நீங்களும் பாத்திருப்பீங்க. எங்களுக்கு கொல்லைல கடலை கொடி அழுகுனது மட்டும் தான், உசுரு பொழச்சோம். “கரையை கடந்தது”ன்னு பெரிய எழுத்துல போடறப்ப அதுக்கு கீழயே “மழை இன்னும் முடியல, அடுத்தது எந்தெந்த மாவட்டம்”னு அதே அளவு எழுத்துல போட்டீங்கன்னா உள் மாவட்டத்துல இருக்கற எங்களுக்கு அது எங்க சேதின்னு தெரியும். எப்பவுமே கடலோரத்துல அலை அடிக்கற போட்டோ தான் வருது.

மின்னல பத்தி சொல்லாம விட மனசு வரல. புளி உலுக்கற பொம்பளைங்க மழை வந்தா ஒதுங்கறது புளியமரத்துக்கு அடியில தான், வேற எடம் கெடையாது, தனியா ஒசரமா நிக்கற மரம் தான் மின்னல் எறங்கறதுக்கு தோதான எடம். மின்னல் வெட்டுனதுல இருந்து இடி கேக்கற வரைக்கும் எண்ணுங்க, 3 செகண்டுக்கு 1 கி.மீ. தூரம். 30 எண்றதுக்குள்ள இடி கேட்டுச்சுன்னா அது 10 கி.மீ.க்குள்ள இருக்கு, உங்க தலைக்கு மேல மழையே இல்லாட்டியும் மின்னல் வந்து விழலாம், ஒடனே கான்கிரீட் கட்டடத்துக்கோ மூடுன வண்டிக்குள்ளயோ போயிடணும், கடைசி இடி கேட்டு அர மணி நேரம் ஆகற வரைக்கும் வெளிய வரக்கூடாது. தாமினின்னு மொபைல்ல ஒரு ஆப் இருக்கு, பக்கத்துல மின்னல் இருந்தா காட்டும். எங்க கூட வேலை செய்யற எல்லார் கிட்டயும் டச் போன் இல்ல, ஆனா எண்ண எல்லாருக்கும் தெரியும். இந்த நாலு வரிய பங்குனி சித்திரைல தெனமும் வானிலை கட்டத்துக்கு கீழ போடுங்க அய்யா, எடம் இல்லன்னா ராசிபலன்ல நாலு வரி கொறச்சாவது போடுங்க.

அந்த புளி போனதுல இருந்து நான் வீட்டு மொட்டை மாடில ஒரு டப்பா வெச்சிருக்கேன். மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அகலமா இருக்கற பழைய தகர டப்பா, மரத்துக்கும் சுவத்துக்கும் தள்ளி, சாயாம இருக்க சுத்தி செங்கல். தெனமும் காலை 8.30க்கு ஸ்கேல் வெச்சு அளந்து காலண்டர்ல எழுதிட்டு தண்ணிய ஊத்திடுவேன், வானிலை மையம் நாடு பூரா கணக்கு எடுக்கற நேரமும் அதான். இதுலயும் ஒரு கொழப்பம் இருக்குங்க, நேத்து சாயங்காலம் பெஞ்ச மழை இன்னைக்கு தேதில தான் பதிவாகும், அது தெரியாம “நேத்து தான பெஞ்சுது, இன்னைக்குன்னு போட்டிருக்கான்”னு சண்டை போடறவங்கள பாத்திருக்கேன். இப்ப எனக்கு 12 மி.மீ.னா மண்ணு எவ்ளோ ஆழம் நனையும், 30 மி.மீ.னா ஏர் ஓட்டலாமான்னு கண்ணாலயே தெரியுது, பேப்பர்ல நம்பர பாத்தா நெலம் கண்ணுக்கு தெரியுது.

இப்ப நான் உங்க கிட்ட கேக்கறது பெரிய செலவு ஒன்னும் இல்ல. லேசான மழை, மிதமான மழை, கனமழைன்னா எத்தன மி.மீ., ஓரிரு இடம் ஒரு சில இடம்னா எத்தன பங்குன்னு ஒரு சின்ன பெட்டி கட்டி வாரத்துல ஒரு நாளாவது போடுங்க. வானிலை அறிக்கைய எந்த தேதி எத்தன மணிக்கு குடுத்தாங்கன்னு போடுங்க, ஏன்னா நேத்து மதியம் குடுத்தது பேப்பர்ல காலைல வந்து நாங்க அத நம்பி சாயங்காலம் வரைக்கும் இருக்கறப்ப அதுக்கு வயசு 28 மணி நேரம் ஆயிடுது, அதுக்குள்ள அவங்க ரெண்டு மூணு தடவ மாத்தி குடுத்திருப்பாங்க. நேத்து எந்த ஊர்ல எவ்ளோ பெஞ்சுதுன்னு சென்னை நுங்கம்பாக்கம் மீனம்பாக்கத்தோட நிறுத்தாம எங்க பதிப்புல எங்க தாலுகா மழைமானி கணக்க போடுங்க. முன்னாடி நாள் சொன்னதும் மறுநாள் பெஞ்சதும் பக்கத்து பக்கத்துல இருந்தா எங்களுக்கே தெரிஞ்சுடும் எந்த அளவு நம்பலாம்னு, டீக்கடைல திட்டறவங்களும் கொஞ்சம் யோசிச்சு பேசுவாங்க. தலைப்புல “புரட்டிப்போடும்”, “மிரட்டும்”னு போடறத விட்டுட்டு வானிலை மையம் குடுத்த எச்சரிக்கை மஞ்சளா ஆரஞ்சா சிவப்பான்னு போட்டு, மஞ்சள்னா கவனமா இரு, ஆரஞ்சுன்னா தயாரா இரு, சிவப்புன்னா ஒடனே செயல்படுன்னு அர்த்தத்தயும் சேத்து போடுங்க. ஞாயித்துக்கெழமை சிறுவர் பக்கத்துல மாசத்துக்கு ஒரு மேகம் போட்டோ போட்டு அது என்ன மேகம், மழை தருமா தராதான்னு எழுதினா ஸ்கூல் புள்ளைங்க வீட்டுல வந்து அம்மாவுக்கு சொல்லும், எனக்கு அண்ணன் பொண்ணு சொன்ன மாதிரி.

ஃபெஞ்சல் அடிச்ச அன்னைக்கு மட்டும் எங்க அளவு எனக்கு கெடைக்கல, என் டப்பா 18 செ.மீ. ஒயரம் தான், விடியறதுக்குள்ள ரொம்பி வழிஞ்சுட்டு இருந்துச்சு, செங்கலும் ஒரு பக்கம் சாஞ்சு கெடந்துச்சு. இப்ப அரை மீட்டருக்கும் மேல ஒசரமா ஒரு பைப் துண்டு வாங்கி அடிய அடைச்சு வெச்சிருக்கேன். எங்க ஊருல இருக்கற உங்க நிருபருக்கு ஒதவும்னா தெனமும் காலைல 8.30க்கு அளவ வாட்ஸ்அப்ல அனுப்பறேன், அடுத்த ரெண்டு ஊர்லயும் எங்க மகளிர் குழு ஆளுங்க வெக்கறதுக்கு ஒத்துகிட்டு இருக்காங்க, வர்ற பங்குனிக்குள்ள மூணு எடத்து கணக்கு கெடைச்சுடும்.

இப்படிக்கு,
ஊத்தங்கரை வட்டத்துல இருந்து ஒரு வாசகி